இரண்டு வளைவு குறைந்த பாலம்

ஹெர்ம்ஸ்பாக் ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் ரோஸ்விதா லோஸே செய்து கொடுத்த பற்களால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் தெற்கு மூலை அது. மலையும் பைன் காடும், நடுவில் ஒரு நெசவு ஆலையும் ரயில் நிலையமும். அரசு மருத்துவமனையின் பின்கட்டில் பல் கட்டுகிற அறை. ஜன்னலோரம் அவள் மேஜை. கல்யாணம் ஆறே வருஷத்தில் முறிந்துபோய், பிள்ளைகளும் இல்லாமல், அந்த மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். கடன் வாங்கினதுமில்லை, யாரோடும் சண்டை போட்டதுமில்லை. கட்சிக் கூட்டம் என்றால் கடைசி வரிசையில் இருந்து கைதட்டிவிட்டு வருவாள்.

பொம்மை ரயில் பைத்தியம் அவளுக்கு வந்ததே ஒரு பல்லால்தான். எஞ்சின் டிரைவர் போடோ வைடவர் முன்பல் இரண்டு போய், நிறம் பார்த்துக் கட்டிக்கொள்ள வந்திருந்தார். ரோஸ்விதா பற்களின் நிறப் பட்டையை அவர் வாயருகே பிடித்தபோது, அவர் கண் அவளுடைய மேஜைமேல் இருந்த பிளாஸ்டர் அச்சுகளின் மேலேயே இருந்தது.

"ஏங்க, இந்த ஊசியை வெச்சு பிளாஸ்டர்ல ஒரு கல்லுச் சுவர் செதுக்க முடியுமா உங்களால?"

"பல்லு கட்ட வந்தீங்களா, வீடு கட்ட வந்தீங்களா? வாயைத் திறங்க."

அடுத்த வாரம் பல்லைப் போட்டுக்கொள்ள வந்தவர் ஒரு தீப்பெட்டி அளவு ரயில் நிலையத்தைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்தார். அதன் சுவர் வெறும் அட்டை. "பார்க்கவே கேவலமா இருக்குல்ல?" என்றார். இருந்தது. ரோஸ்விதா அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். நாலு நாளில் பிளாஸ்டரில் வார்த்து, ஒவ்வொரு கல்லையும் கீறி, மூலையில் மழை ஒழுகின கறையோடு திருப்பிக் கொடுத்தாள்.

அப்படித்தான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறையில் கூடிய மாதிரி ரயில் சங்கத்தில் ஒன்பது ஆண்களுக்கு நடுவே அவள் பத்தாவது ஆளானாள். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடுவார்கள். நிஜத்தில் நூற்றிருபதில் ஒரு பங்கு அளவுதான் அவர்கள் கணக்கு. ஆள் என்றால் கால் விரல் நகம் உயரம். துருப்பிடித்த ஆணியைத் தேய்த்துத் தண்டவாளத்துக்குத் துரு ஏற்றுவாள். காய்ந்த டீத்தூளைத் தூவிக் காட்டுப்பாதை போடுவாள். "பல்லம்மா வந்தாச்சு, எல்லாரும் வாயை மூடிக்குங்கடா" என்று போடோ கத்தினால்தான் அந்த மாலை தொடங்கும். அவர்தான் சங்கத்துக்குத் தலைவர்.

எண்பத்து மூன்றாம் வருஷம் டிசம்பர் கண்காட்சிக்கு ஊர்ப் பாலத்தையே செய்வதென்று முடிவானது. ஊருக்கு வெளியே ஆற்றுப் பள்ளத்தைத் தாண்டிப் போகிற செங்கல் பாலம். பதினோரு வளைவு. நூற்றிருபதில் ஒன்றாகச் சுருக்கினாலும் ஒன்றரை மீட்டர் மேஜை போதாது. அதற்காக மேஜையை நீட்ட, அடியில் கால்கள் பொருத்திய பலகை ஒன்றைப் போடோ தனியாக அடித்துக் கொண்டுவந்தார். பாலம் ரோஸ்விதாவின் பொறுப்பு. கோடை முழுக்க வளைவு வளைவாக வார்த்தாள். ஆனால் தண்ணீர் வடிகிற குழாய் எந்த உயரத்தில் வெளியே வருகிறது, தூணில் இருக்கிற மாடக்குழி எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் சாலையிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அளவுநாடா, நோட்டு, கேமரா மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனாள். பாலத்தடியில் படம் எடுக்கக் கூடாது என்று ஒரு தகரப் பலகை உண்டு. அந்தப் பலகையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். புல்லை மிதிக்காதே என்று பூங்காவில் எழுதியிருக்குமே, அதைவிடப் பெரிதாக அவள் அதை நினைத்ததில்லை. தூணைச் சுற்றி நாடாவைப் பிடித்தாள், எழுதினாள், படம் எடுத்தாள். பிறகு மேட்டில் ஏறி, பாலத்தின் கைப்பிடிக் கம்பிக் கணுக்களைப் படம் எடுக்கக் கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

அப்போதுதான் ரயில் வந்தது. தட்டையான வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, மேலே தார்ப்பாய். தார்ப்பாய்க்கு வெளியே நீண்ட பீரங்கிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு வண்டியில் ரஷ்யச் சிப்பாய்கள் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மொட்டைத்தலை இளைஞன் ஒருவன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். விரல் அழுத்தியதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. கேமராவை இறக்கினாள். ரயில் போய்விட்டது.

அப்போதுகூடப் பெரிதாகப் பயப்படவில்லை. அந்த பிலிம் ரோலின் முதல் பாதியில் தங்கை மகள் ஆன்க்கே முதல் நாள் பள்ளிக்கூடம் போன படங்கள் இருந்தன. பள்ளியில் சேருகிற பிள்ளைகளுக்கு அங்கே கொடுக்கிற, தன்னைவிடப் பெரிய மிட்டாய்க் கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற படம். "எப்பத்தான் குடுப்பே? பொண்ணு பெரியவளாகி பென்ஷன் வாங்கறப்பவா?" என்று தங்கை மார்லீஸ் தினம் நச்சரித்தாள். திங்கட்கிழமை மருந்துக்கடையில் பிலிமைக் கழுவக் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை சங்கத்தில் போடோ ஒட்டுப்பசையைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "பக்கத்து ஊர்ல ஒருத்தன் சிக்னல் கேபினைப் படம் எடுத்தானாம். நம்மள மாதிரிதான், பொம்மை பண்றவன். காலையில ரகசியப் போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிருக்காங்க. ரெண்டு வருஷம் ஜெயில்ங்கறாங்க."

"எதுக்கு?" என்றாள்.

"எதுக்கா? யாருக்கு எடுத்தேன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்? எனக்குத்தான்னு சொன்னா நம்புவாங்களா?"

அவள் கையிலிருந்த தூரிகை மேஜையில் உருண்டது. பிலிம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது, எந்த ஊர், எந்தக் கை என்று தெரியாத இடத்துக்கு.

பத்து நாள் என்று சொன்னார்கள். பதினோராம் நாள் மருந்துக்கடைக்காரி ஹில்டா உறைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "உன்னது வரலையே ரோஸ்விதா. உங்கூடக் குடுத்தவங்களுக்கெல்லாம் வந்தாச்சு." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சாதாரணமாகத்தான் பார்த்தாள். ரோஸ்விதாவுக்கு அந்தப் பார்வை ராத்திரிச் சாப்பாட்டில் முள்ளாக வந்து தொண்டையில் நின்றது. அடுத்த வாரம் போனாள். வரவில்லை. அதற்கடுத்த வாரம் போகவே கால் வரவில்லை. கடை இருக்கிற தெருவையே தவிர்த்து, சுற்றுவழியில் வேலைக்குப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஊலிக் என்று பெயர், நாற்பது வயது இருக்கும். ஆலையில் கணக்குப் பிரிவு என்றார். கைகள் சுத்தமாக இருந்தன. சங்கத்தில் யாருக்கும் விரல் இடுக்கில் பெயிண்ட் இல்லாமல் இருந்ததில்லை. அவர் நேராக ரோஸ்விதாவின் வளைவுகளிடம் வந்து நின்றார்.

"அற்புதமா இருக்குங்க. தூண் உயரம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண் மட்டம்தான்."

"கண் மட்டத்துல இவ்வளவு துல்லியமா? மாடக்குழிகூட விடலையே!"

"சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன்ல."

ஊலிக் சிரித்தார். நல்லவராகத்தான் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் நோட்டை எடுத்து அடுப்பில் போட்டாள். அளவு எழுதின பக்கம் கருகும்வரை கரண்டியால் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு யோசித்தாள்: ஊலிக்கைக் கூட்டிவந்தது யார்? போடோ. பக்கத்து ஊர்க்காரன் கதையைச் சொன்னது யார்? போடோ. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாரா? பார்த்தார் என்று தோன்றியது. பத்து வருஷமாக அவருக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழ ரொட்டி சுட்டுக் கொடுத்தவள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் பிரித்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் இன்னொரு அர்த்தம் இருந்தது.

பாலம் இவ்வளவு அசலாக இருப்பதுதான் ஆபத்து என்று முடிவு செய்தாள். தப்புத் தப்பாக இருந்தால், அது வெறும் பொம்மை. அடுத்த புதன்கிழமை போடோவிடம் சாவி வாங்கி, மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், இரண்டு வளைவுகளைத் துணியில் சுற்றி, பல் அச்சு உடைக்கிற சுத்தியலால் அடித்தாள். துணிக்குள் பிளாஸ்டர் நொறுங்கின சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாடக்குழிகளையும் தண்ணீர்க் குழாய்களையும் ஈரப் பிளாஸ்டரால் அடைத்தாள். தூணின் அடியில் ஒரு விரல்கடை அறுத்தாள். தான் செய்ததிலேயே நல்ல வேலை அது என்று அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் அதைக் கெடுத்துவிட்டு, தூளைச் சாம்பல் வாளியில் கொட்டினாள்.

போடோ வந்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஒம்போது இருக்கு."

"ஒம்போது போதும்."

"என்னது போதும்? ஊர்ல பால் குடிக்கிற குழந்தைகூட அந்தப் பாலத்துல பதினொண்ணு எண்ணும்! மாடக்குழி எங்கே? ஏய் பல்லம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

"எனக்குப் பிடிக்கல, எடுத்துட்டேன்."

"மேஜைக்குன்னு பலகை அடிச்சேனே, நான் என்ன கேணையனா?"

"உங்களுக்கு ஏன் அது அவ்வளவு அச்சு அசலா வேணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

அறையில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஊலிக்கும் நிமிர்ந்தார். போடோ அவளை வெகுநேரம் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எட்டு நாள் கழித்து, விசாரணைக்கு வரச் சொல்லி அஞ்சலட்டை வந்தது. "ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்துவதற்காக" வியாழன் காலை ஒன்பது மணிக்கு இன்ன கட்டடம், இன்ன அறை. மூன்று வரிதான். அந்த மூன்று வரியை அவள் நின்றுகொண்டு படித்தாள், உட்கார்ந்து படித்தாள், கழிவறையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து படித்தாள். மார்லீஸிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, "ஜன்னல் பூச்செடிக்குத் தண்ணி ஊத்து" என்றாள்.

"எங்கே போறே?"

"எங்கேயும் இல்ல."

"அப்ப நீயே ஊத்தேன்."

"சாவியை வாங்குடி!" என்று கத்தினாள். தங்கை வாங்கிக்கொண்டாள்.

அந்த அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஜன்னலில் ஒரு கள்ளிச்செடி. அதிகாரிக்கு அவள் வயதுதான் இருக்கும். சளி பிடித்திருந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படங்களைச் சீட்டுக்கட்டு போல வரிசையாக வைத்தார். ஆன்க்கேயும் மிட்டாய்க் கூம்பும். ஆன்க்கே தனியாக. தூண். மாடக்குழி. குழாய். அளவுநாடா தொங்குகிற தூண். கடைசியாக ஒன்று. கொஞ்சம் கலங்கி இருந்தாலும் தார்ப்பாயும் பீரங்கிக் குழாயும் அந்த மொட்டைத்தலை இளைஞனின் தூக்கிய கையும் தெரிந்தன.

"யாருக்காக எடுத்தீங்க, திருமதி லோஸே?"

"மாதிரி ரயிலுக்கு. சங்கத்துக் கண்காட்சிக்கு."

"நாற்பத்தாறு வயசு. பொம்மை ரயில்." அவர் கேலி செய்யவில்லை, எழுதிக்கொண்டார். "இந்தப் படமும் பொம்மைக்குத்தானா? இவன் உங்களைப் பார்த்துக் கையாட்டறான். முன்னாடியே தெரியுமா?"

"இல்லீங்க. விரல் தானா அமுங்கிடுச்சு. கம்பியைத்தான் எடுக்கப் போனேன்."

"அளவெல்லாம் எழுதி வெச்ச காகிதம் எங்கே?"

எரித்துவிட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். "தொலஞ்சுபோச்சு" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன பொய். அதையும் எழுதிக்கொண்டார். அதே கேள்விகளை வரிசை மாற்றிப் பன்னிரண்டு மணிவரை கேட்டார். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார். "வாங்க, அந்தப் பாலத்தைப் பார்ப்போம்."

காரில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்தார்கள். ஊரே வேலைக்குப் போயிருந்த நேரம். சங்கத்து அறைச் சாவி போடோவிடம்தான் இருக்கும். ரயில் நிலையத்திலிருந்து எஞ்சின் அழுக்கோடு அவரைக் கூட்டிவந்தார்கள். ரோஸ்விதா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரி மேஜைமேல் குனிந்து படங்களை ஒவ்வொன்றாகப் பாலத்தின் பக்கத்தில் வைத்தார். அவர் விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு. ஒன்பதில் நின்றது விரல்.

"நிஜப் பாலத்துல பதினொண்ணு. இங்கே ஒன்பது." தூணில் நாடாவைப் பிடித்தார். "உயரமும் சேரலை. மாடக்குழியைப் பக்கத்துலே போய் எடுத்திருக்கீங்க, இதுலே மாடக்குழியே இல்லை. அப்போ அந்த அளவுகளை இதுக்கு எடுக்கலை. வேற எதுக்கு எடுத்தீங்க?"

தப்பிக்கத்தான் உடைத்தாள். இப்போது அதுவே அவள் கழுத்தைப் பிடித்தது. உண்மையைச் சொல்லலாம், பயந்து உடைத்தேன் என்று. ஏன் பயந்தாய் என்பார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது நான் சொன்னது" என்றார் போடோ.

அதிகாரி திரும்பினார்.

"நான்தாங்க சங்கத் தலைவர். மேஜை ஒன்றரை மீட்டர். பதினொண்ணு வெச்சா வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டை வெட்டுன்னு நான்தான் சொன்னேன். இந்தம்மா ஒரு வாரம் எங்கூடப் பேசலை, அவ்வளவு சண்டை. இங்க யாரை வேணாலும் கேளுங்க."

"மாடக்குழி?"

"வண்டி போறப்போ அதிர்ச்சியில அங்கதான் விரிசல் விடுது. அடைக்கச் சொன்னேன். பாலத்தை அளந்துட்டு வான்னு அனுப்பினதும் நான்தான். படம் எடுக்கச் சொல்லலை, அது அவ புத்தி. பல்லு செய்யறவ, அச்சு எடுக்காம அவளுக்கு எதுவும் செய்ய வராது."

அதிகாரி மேஜையை அளந்தார். ஒன்றரை மீட்டர். நிமிர்ந்தபோது அவர் பார்வை சுவரில் சாய்த்திருந்த பலகைமேல் விழுந்தது. மேஜையின் அதே அகலம், அதே பச்சைப் பெயிண்ட். அது பதினோரு வளைவுக்காக அடித்த பலகை என்று ரோஸ்விதாவுக்குத் தெரியும். போடோ அலட்டிக்கொள்ளாமல் போய் அதன் கால்களை விரித்து நிறுத்தினார், அலமாரியிலிருந்து காபிக் குடுவையையும் கோப்பைகளையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

"நிக்கறீங்களே, காபி குடிக்கிறீங்களா? காலையில போட்டது, ஆறிப்போச்சு. பரவாயில்லையா?"

அதிகாரி மூக்கைச் சிந்தினார். காபி வேண்டாம் என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அனுமதியில்லாத இடத்தில் படம் எடுத்ததற்கு எச்சரிக்கை. கேமரா திரும்பி வராது, பிலிமும் வராது. ஆன்க்கேயின் படங்களை மட்டும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். போடோவும் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில் அவரைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தார்கள். தூர ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவரை யார்டில் பெட்டி கோர்க்கிற சின்ன எஞ்சினுக்கு மாற்றினார்கள். காரணம் எதுவும் எழுதித் தரவில்லை. கண்காட்சியில் பாலம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைத் துணியைக் குன்றுபோலக் கட்டிவிட்டு ரயிலைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வந்தார்கள், அகல விரிந்த கண்களோடு குழந்தைகள் கையைத் தட்டின. பாலம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஊலிக் ஜனவரியிலிருந்து வருவதை நிறுத்திக்கொண்டார். வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினார். அவர் யார் என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. வெறும் கணக்குப் பிரிவு ஆளாகவும் இருக்கலாம்.

பயம் அதோடு போகவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் கரண்டி அந்தரத்தில் நிற்கும். அதோடு இன்னொன்றும் அவளை அரித்தது. ஒரு புதன்கிழமை எல்லாரும் போன பிறகு அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"போடோ, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்கதான் காட்டிக் குடுத்தீங்கன்னு நினைச்சேன்."

"எதை?"

"என்னை."

அவர் துடைத்துக்கொண்டிருந்த எஞ்சினைக் கீழே வைத்தார். "எப்போ? அன்னிக்கு அறையில கேட்டியே, அப்பவா?"

"அதுக்கு முன்னாடியே."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

தூர ரயில் ஓட்டுகிற வேலை போனபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. "விளக்கை அணைச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அடுத்த புதன் அவளோடு பேசவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. அவள் அறையின் மறுகோடியில் உட்கார்ந்து, எந்த ஊரிலும் இல்லாத ஒரு மலை நிலையத்துக்குக் கூரை ஓடு செதுக்கினாள். அதற்குப் பிறகு அவள் நிஜமான எந்த இடத்தையும் செய்யவில்லை. எல்லாம் கற்பனை ஊர்கள்தான்.

மார்ச் மாதம், பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை, போடோ தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவள் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தக் கூரையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன்" என்றார். "பாலத்தை உடைச்சியே, அன்னைக்கு. இவளை அவங்க பிடிச்சுக்கிட்டாங்க, இவ நம்மளைப் பத்தி ஏதோ எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா, அதான் முழிக்கிறான்னு நினைச்சேன்."

"அப்புறம் எதுக்கு எனக்காகப் பேசினீங்க?"

"தெரியலை. நீ மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. விழுந்துடுவியோன்னு தோணிச்சு." கூரையை மெதுவாக வைத்தார். "இந்த ஓரத்துல ஓடு ரொம்ப நேரா இருக்கு. மலையில காத்து அடிக்கும். நாலு ஓட்டைக் கொஞ்சம் கலைச்சு விடு."

அவள் ஊசியை எடுத்தாள். அவர் விளக்கை அவள் பக்கமாகத் திருப்பிவைத்தார்.